வயிற்றில் பிள்ளை, கையில் கயிறு

கர்ப்பமாக இருக்கும்போது குதிரைப் பக்கம் போகலாமா என்று கேட்டால் இரண்டு விதமான பதில்தான் கிடைக்கிறது. ஒன்று என் மாமி சொன்னது: "அந்தப் பக்கம் தலைவைச்சும் படுக்காதை." மற்றது, எங்கேயோ ஒரு குளிர் நாட்டில் எட்டு மாத வயிற்றோடு குதிரை மேல் இருந்து சிரிக்கிற பெண்களின் படங்கள், கூடவே "கடைசி வரைக்கும் ஓடினேன், ஒன்றும் ஆகவில்லை" என்று ஒரு வரி. மாமிக்குக் குதிரை என்றாலே ரேஸ், அதற்கு மேல் கதை இல்லை. அந்தப் பெண்களுக்கு ஒன்றும் ஆகவில்லை என்பது உண்மையாகவே இருக்கலாம், ஆனால் விழுந்தவர்கள் யாரும் படம் போடுவதில்லை.

நான் ஏறுவதை நிறுத்தினேன், பழக்குவதை நிறுத்தவில்லை. ஐப்பசி மழை தொடங்கினதில் இருந்து தை முடியும் வரைக்கும் தரையில் நின்றபடியே வேலை செய்தேன். பிள்ளை மார்ச்சில். இப்போது கால் இரண்டும் வீங்கிப்போய்க் கதிரையில் இருக்கிறேன், எழுத நேரம் நிறையக் கிடைக்கிறது, அதனால் நீளமாகவே எழுதப்போகிறேன்.

முதலில் குதிரையைப் பற்றி. பவளம் என் சொந்தக் குதிரை இல்லை. கொழும்பு வெள்ளவத்தையில் வாடகை வீட்டில் இருந்துகொண்டு வங்கிச் சம்பளத்தில் சொந்தமாகக் குதிரை வைத்திருக்க நான் என்ன மகாராணியா. தலவத்துகொடைக்கு அப்பால் ஒரு சின்ன லாயம், அங்கே மாதம் ஒரு தொகை கொடுத்து வாரத்தில் சில விடியற்காலைகளில் அவளோடு வேலை செய்கிறேன். செம்பட்டை நிறம், நுவரெலியாவில் ஏப்ரல் சீசனில் ஓடி ஓய்வு பெற்ற தரோபிரெட், அதாவது பந்தயக் குதிரை இனம். ஓய்வு பெற்ற ரேஸ் குதிரையை வாங்குகிறவர்கள், பழக்கின குதிரை கிடைத்துவிட்டது என்று நினைக்கிறார்கள். பழக்கினதுதான், ஆனால் வேறு வேலைக்கு. ரேஸில் ஜொக்கியின் காலைப் பிடித்து ஒருவர் மேலே தூக்கிவிடுவார், பல நேரம் குதிரை நடந்துகொண்டிருக்கும்போதே. ஏறுகிற நேரம் அசையாமல் நிற்க வேண்டும் என்று அதற்கு யாரும் சொல்லிக்கொடுப்பதில்லை. கடிவாள வாரைப் பிடித்து இறுக்கினால் நமக்கு அது நிறுத்து. அவளுக்கோ, சாய்ந்துகொண்டு இன்னும் போ. இப்படி அவளிடம் இருந்த குறைகளில் முக்கால்வாசி, மேலே ஏறாமலே திருத்தக்கூடியவை. சொல்லப்போனால் மேலே ஏறினால்தான் திருத்தக் கஷ்டமானவை. எனக்குப் பிள்ளை தங்கியிராவிட்டால் அதை உட்கார்ந்து யோசித்திருப்பேனா தெரியாது.

ஏறுவதை ஏன் நிறுத்தினேன் என்பதில் பெரிய ரகசியம் ஒன்றும் இல்லை. முதல் மூன்று மாதம் கருப்பை இடுப்பெலும்புக்குள் ஒளிந்துதான் இருக்கும். அதற்குப் பிறகு அது மேலே வந்துவிடுகிறது, முன்னால் எலும்பு மறைப்பு கிடையாது. வயிற்றில் பலமாக அடிபட்டால் நஞ்சுக்கொடி கருப்பைச் சுவரில் இருந்து கழன்றுவிடலாம், தாய்க்கு வெளியே ஒரு கீறல்கூட இல்லாமல். அமெரிக்க மகப்பேற்று வைத்தியர்களின் சங்கம் கர்ப்பிணிகள் தவிர்க்க வேண்டிய விளையாட்டுகளில் பனிச்சறுக்கு, அலைச்சறுக்கு, ஜிம்னாஸ்டிக்ஸ் ஆகியவற்றோடு குதிரைச் சவாரியையும் வைத்திருக்கிறது, காரணம் விழுகிற ஆபத்து. உடற்பயிற்சி வேண்டாம் என்று அதே சங்கம் சொல்லவில்லை, கிழமைக்கு 150 நிமிடம் மிதமாகச் செய்யச் சொல்கிறது. என் டொக்டரும் கிட்டத்தட்ட இதையேதான் சொன்னார், ஒரு கேள்வியும் கேட்டார்: "குதிரை உங்களை மிதிக்காது என்று யார் உத்தரவாதம்?" நியாயமான கேள்வி. தரையில் நிற்பதும் ஆபத்தில்லாத வேலை இல்லை. அந்தக் கேள்வியை வைத்துத்தான் மற்ற எல்லாவற்றையும் யோசித்தேன்.

குளிர்காலத்தில் குதிரை பழக்குவதைப் பற்றி எழுதுகிறவர்கள் பெரும்பாலும் உறைபனி நாட்டுக்காரர். வாளித் தண்ணீர் கட்டியாகிவிடும், நிலம் கல்லாகும், குதிரைக்குப் போர்வை போட வேண்டும், நாலரை மணிக்கே இருட்டிவிடும், அதனால் இந்த மாதங்களில் வேலையைக் குறை என்பார்கள். வாசிக்க நன்றாக இருக்கும். கொழும்பில் இதில் ஒன்றுமே பொருந்தாது. குதிரையின் குளிர்கால மயிர் வளர்வது முக்கியமாகப் பகல் குறுகுவதை வைத்து. நாங்கள் இருப்பது பூமத்திய ரேகைக்கு வடக்கே ஏழு பாகையில், ஆண்டின் நீளமான பகலுக்கும் குறுகின பகலுக்கும் இடையில் ஒரு மணித்தியால வித்தியாசம்கூட இல்லை. பவளத்தின் உடம்புக்கு மார்கழி வந்ததே தெரியாது.

எங்களுக்கு இந்த மாதங்களில் பிரச்சினை தண்ணீர். ஒக்டோபர், நவம்பரில் காலையில் வானம் ஒன்றும் தெரியாத பிள்ளை மாதிரி இருக்கும், இரண்டு மணிக்குப் பிறகு இடி மின்னலோடு கொட்டும். மணல் மைதானத்தின் ஒரு மூலை குளமாகிவிடும். ஈர மணல் ஆழமாகிவிட்டால் ஓய்வு பெற்ற ரேஸ் குதிரையின் கால் தசைநாண்களுக்கு அது கூடாது, வேகமாக ஓடவிட முடியாது. ஆனால் மார்கழி பாதி தாண்டியதும் இந்த ஊரில் ஆண்டிலேயே நல்ல காலைகள் வருகின்றன. விடியும்போது 22, 23 பாகை, காற்றில் ஈரமும் கொஞ்சம் குறைவு. குதிரைக்குச் சுகமான வெப்பநிலை 5 முதல் 25 பாகை வரை என்று சொல்வார்கள், கொழும்பில் அந்த எல்லைக்குள் வருகிற நேரம் அநேகமாக இதுதான். குதிரையும் எங்களைப் போல வியர்த்துத்தான் சூட்டைத் தணிக்கிறது, ஏப்ரல் புழுக்கத்தில் அந்த வியர்வை காயாமல் வழிந்துகொண்டே இருக்கும், சூடு உள்ளேயே நிற்கும். ஆகவே குளிர் நாட்டுக்காரர் ஓய்வெடுக்கச் சொல்கிற அதே மாதங்களில்தான் நாங்கள் வேலை செய்ய வேண்டும். சூடு ஏறக்கூடாது என்பது பிள்ளைத்தாச்சிக்கும் பொருந்தும் என்பதால் இந்த விஷயத்தில் எனக்கும் பவளத்துக்கும் ஒரே கால அட்டவணை.

வெளியில் இருந்து பார்க்கிறவர்கள் உதையைப் பற்றி மட்டும்தான் பயப்படுகிறார்கள். மழைக்காலத்து லாயத்தில் எனக்குப் பயம் உதையைவிட எலியில்தான். தீவனம் இருக்கிற இடத்தில் எலி இருக்கும், எலி இருக்கிற இடத்தில் தேங்கின தண்ணீர் எலிக்காய்ச்சல். அதன் கிருமி எலியின் சிறுநீரில் வந்து, காலில் உள்ள சின்ன வெடிப்பு வழியாகக்கூட உள்ளே போய்விடும். வயலில் இறங்குகிறவர்களுக்குச் சுகாதாரப் பகுதியினர் முன்கூட்டியே டொக்ஸிசைக்ளின் குளிசை கொடுப்பார்கள், ஆனால் கர்ப்பிணிக்கு வழக்கமாக அந்தக் குளிசை கொடுப்பதில்லை. ஆக எனக்கு இருந்த ஒரே பாதுகாப்பு முழங்கால் வரைக்கும் ரப்பர் பூட்ஸ், கையுறை, குளமான மூலைக்குள் கால் வைக்காமல் இருப்பது. லாயம் கூட்டுகிற வேலையை ஒரேயடியாக விட்டுவிட்டேன். தீவன அறைக்குள் படுக்கிற பூனைகளாலும் ஒரு தொல்லை, பூனை மலத்தில் டொக்ஸோபிளாஸ்மா இருக்கலாம், அது வயிற்றுப் பிள்ளையைப் பாதிக்கும். அந்த அறைக்குள் போவதையும் நிறுத்தினேன்.

அப்புறம் டெங்கு. கொழும்பில் யாருக்கும் அதைச் சொல்லிக்கொடுக்கத் தேவையில்லை. குதிரைக்கு வைக்கிற தண்ணீர் வாளி, தறப்பாளின் மடிப்பு, கைவிட்ட ரயர், எல்லாம் நுளம்புக்கு வீடு. சுகாதாரப் பரிசோதகர் வந்து பார்த்தால் வழக்குப் போடுவார் என்ற பயத்தில் லாயக்காரர் வாளிகளைத் தேய்த்துக் கழுவத் தொடங்கினார், என் வயிற்றுக்காக என்று நான் கெஞ்சினபோது நடக்காத வேலை அது. சரி, நடந்தால் போதும்.

லாயத்து அலமாரியில் இருந்த ஒரு போத்தலைப் பற்றியும் சொல்ல வேண்டும், பலருக்கு இது தெரியாது. பெண் குதிரை இணைசேரும் பருவத்துக்கு வருவதைத் தள்ளிப்போட அல்ட்ரெனோஜெஸ்ட் என்று ஒரு ஹோர்மோன் மருந்து கொடுப்பார்கள், எண்ணெய் மாதிரி இருக்கும், தீவனத்தில் ஊற்றுவது. அது தோல் வழியாக உடம்புக்குள் போகும். கர்ப்பிணிகள் அதைத் தொடவே கூடாது, அது பட்ட தீவன வாளியையும் தூக்கக் கூடாது. பவளத்துக்கு அது கொடுக்கவில்லை, பக்கத்துக் கொட்டிலில் உள்ளவளுக்குக் கொடுத்தார்கள், ஆனால் வாளிகள் எல்லாம் ஒரே குவியலில்தான் கிடக்கும். போத்தலில் எச்சரிக்கை ஆங்கிலத்தில் மிகச் சின்ன எழுத்தில் இருந்தது. குதிரை பார்க்கிற மாமா அந்த வாளிகளுக்குச் சிவப்புப் பெயின்ற் அடித்துத் தந்தார்.

இந்த மாமா இல்லாவிட்டால் இது எதுவும் நடந்திராது. சிங்களவர், அறுபதைத் தாண்டினவர், என்னை "துவ", மகளே என்றுதான் கூப்பிடுவார். தனியாகக் குதிரையோடு நிற்பதில்லை என்று டொக்டருக்கு வாக்குக் கொடுத்திருந்தேன், நான் கயிற்றோடு நிற்கிற நேரமெல்லாம் அவர் வேலியோரம் பீடியோடு நிற்பார், பிறகு புகை எனக்குக் கூடாது என்று யாரோ சொல்லி, பீடி இல்லாமல் நிற்பார்.

இப்போது வேலை. ஒரு குதிரையைப் பழக்குவது என்றால் அடிப்படையில் இதுதான்: ஒரு சின்ன அழுத்தம் கொடுக்கிறோம், அது சரியானதைச் செய்த உடனே அழுத்தத்தை எடுக்கிறோம். அழுத்தம் சொல்லிக்கொடுப்பதில்லை, எடுத்த அந்தக் கணம்தான் சொல்லிக்கொடுக்கிறது. ஓரிரண்டு வினாடி பிந்தினாலும் குதிரை வேறு எதையோ படித்துவிடும். மேலே உட்கார்ந்திருக்கும்போது கால், கை, முதுகு, எடை எல்லாம் ஒரே நேரத்தில் பேசிக்கொண்டிருக்கும், எதை எப்போது எடுத்தோம் என்று நமக்கே தெரியாது. தரையில் ஒரு கயிறு, ஒரு கை, அவ்வளவுதான். பிந்தினால் உடனே தெரியும்.

முதலில் எடுத்தது நிற்பது. ஏறுவதற்குப் போடுகிற மரப்படிக்குப் பக்கத்தில் கொண்டுவந்து நிறுத்தி, கயிற்றைத் தளர்த்திவிட்டு, நானும் சும்மா நிற்பது. ஒரு அடி எடுத்து வைத்தால் அதே ஒரு அடியைப் பின்னுக்கு வைக்கச் சொல்வது, வைத்ததும் கயிறு தளர்வு. கோபம் வேண்டாம், சத்தமும் வேண்டாம். பார்க்கிறவருக்கு இதைவிட அலுப்பான காட்சி கிடையாது, என் கணவர் ஒரு நாள் வந்து பார்த்துவிட்டுக் காருக்குள் போய் நித்திரை கொண்டார். பவளம் ஆரம்பத்தில் மூச்சு விடுகிற நேரம்கூட நிற்க மாட்டாள். பிறகு நின்றாள், பிறகு நான் படியில் ஏறி நின்றாலும் நின்றாள், பிறகு சேணத்தின் பட்டியை இழுத்து ஆட்டினாலும் நின்றாள். ஒரு காலைத் தூக்கிப் போட வேண்டியதுதான் பாக்கி, அதை நான் செய்யப்போவதில்லை. படியில் ஏறுவதையும் ஏழாம் மாதத்தோடு விட்டுவிட்டேன், என் சமநிலையில் எனக்கே நம்பிக்கை போய்விட்டது.

இரண்டாவது, நீளக் கயிற்றில் சுற்றிவர விடுவது. குதிரை எட்டு மீற்றர் தூரத்தில் வட்டம் போடும், நாம் நடுவில் நிற்போம். தூரத்தில் இருப்பதால் பாதுகாப்பு என்று நினைத்தேன், அது உண்மையும்தான், உதை எட்டாது. ஆனால் நடுவில் நின்று அதோடு சேர்ந்து திரும்பிக்கொண்டே இருந்தால் கர்ப்பிணிக்குத் தலை சுற்றும். ஒரே இடத்தில் நெடுநேரம் நிற்பதைத் தவிர்க்கச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது, இரத்தம் காலிலேயே தங்கிவிடுகிறது. அதனால் வட்டத்தை விட்டுவிட்டு நீள்சதுரமாக்கினோம், நானும் நடப்பேன், அவளும் நடப்பாள், சில நிமிடத்துக்கு ஒருமுறை திசை மாற்றுவோம், கொஞ்ச நேரத்திலேயே முடித்துவிடுவோம். கயிறு விஷயத்தில் ஒரே ஒரு கண்டிப்பு: கையைச் சுற்றிக் கட்டுவதோ இடுப்பில் முடிவதோ கிடையவே கிடையாது. மடிப்பு மடிப்பாக உள்ளங்கையில் வைத்திருக்க வேண்டும். குதிரை வெருண்டு ஓடினால் கயிறும் போகட்டும், பிடிக்கப் போகாதே. மைதானத்து வேலி எதற்கு இருக்கிறது. தரையில் நின்றாலும் தலைக்கவசம் போட்டேன், மாமா சிரித்தார், போட்டேன்.

ஆறாம் மாதத்தில் ஒரு வேடிக்கை நடந்தது. கயிற்றில் நடக்கச் சொன்னால் பவளம் நடந்துவிட்டு நடந்துவிட்டு நின்றுகொண்டே இருந்தாள். குரல் அதே குரல், கை அதே கை. கடைசியில் மாமா கண்டுபிடித்தார்: வயிறு முன்னுக்கு வந்ததால் நான் பின்னுக்குச் சாய்ந்து நிற்கிறேன், தரையில் நிற்கிற ஆள் பின்னுக்குச் சாய்ந்தால் அவளுக்கு அது நில் என்கிற சைகை. 1900களின் தொடக்கத்தில் பெர்லினில் கிளெவர் ஹான்ஸ் என்று ஒரு குதிரை இருந்தது, கணக்குக் கேட்டால் குளம்பால் தட்டி விடை சொல்லும் என்று ஊரே அதிசயப்பட்டது. 1907இல் ஒஸ்கார் ஃபுங்ஸ்ட் என்பவர் ஆராய்ந்து பார்த்தபோது, கேள்வி கேட்கிறவருக்கே விடை தெரியாவிட்டால் குதிரைக்கும் தெரியவில்லை. சரியான எண் வரும்போது கேட்டவரின் தலை அவருக்கே தெரியாமல் அசைந்த மிகச் சின்ன அசைவைப் பார்த்துத்தான் அது தட்டுவதை நிறுத்தியிருக்கிறது. அதைக் கேட்கிறவர்கள் 'ஆ, ஏமாற்று' என்பார்கள். எனக்கு அது கணக்குப் போடுவதைவிடப் பெரிய திறமையாகத் தெரிகிறது.

இதனால்தான், "குதிரைக்கு நீ கர்ப்பம் என்று தெரியும், அதுதான் இவ்வளவு சாந்தமாக இருக்கிறது" என்று சொல்கிறவர்களோடு எனக்கு ஒத்துப்போகவில்லை. லாயத்துக்கு வருகிற எல்லோரும் இதைச் சொன்னார்கள், கண் கலங்கிச் சொன்னவர்களும் உண்டு. நான் மெதுவாக நடக்கிறேன், சட்டென்று கையை வீசுவதில்லை, வேலைக்குப் பிந்திவிடுமே என்ற அவசரம் இல்லை. அவள் அதைப் படிக்கிறாள். இதே பவளம் ஒரு நாள் மரக்கிளை முறிந்து தகரத்தில் விழுந்தபோது என் பக்கமாகவே பாய்ந்தாள், வயிறு எதுவும் அவளுக்கு நினைவில் இல்லை. நான் தோளோரமாக நின்றதால் தப்பினேன், நேரே முன்னால் நின்றிருந்தால் மாமி சொன்னது பலித்திருக்கும். குதிரைக்குப் பாசம் இல்லை என்று சொல்லவில்லை. பாசத்தை நம்பி அதன் முன்னால் போய் நிற்காதீர்கள் என்கிறேன்.

தகரம் என்றதும் நினைவு வருகிறது. மழை நாட்களில் மைதானம் கிடையாது, தகரக் கூரை போட்ட கொட்டகையில்தான் நிற்க வேண்டும், அங்கே மழை கொட்டினால் நாம் கதைப்பதே நமக்குக் கேட்காது. மற்றவர்கள் அன்றைக்கு வேலை இல்லை என்று போய்விடுவார்கள். எனக்கு அந்த நாட்கள் மிகவும் உதவின. இரைச்சலுக்குள் தலையைத் தாழ்த்தி நிற்கக் கற்றாள். குடை விரித்தேன், மழைக்கோட்டைப் படபடவென்று உதறினேன், எல்லாம் தூரத்தில் தொடங்கிக் கிட்டக் கொண்டுவந்து, அவள் காதும் கழுத்தும் தளர்ந்ததும் எடுத்துவிடுவது. தீபாவளிக்கு முன்பே வெடிச் சத்தத்தைத் தொலைபேசியில் போட்டுக் காட்டத் தொடங்கினேன், ஆரம்பத்தில் எனக்கே கேட்காத அளவு மெல்லமாக, அவள் தீவனம் தின்கிற நேரத்தில். கொழும்பில் தீபாவளி முடிந்தால் நத்தார், நத்தார் முடிந்தால் டிசம்பர் 31 நள்ளிரவு, அந்த இரவில் ஊர் முழுக்க வெடிக்கிறதை மனிசர் தாங்குவதே பெரிய காரியம். மறுநாள் மாமாவிடம் கேட்டேன், கொட்டிலுக்குள் சுற்றிச் சுற்றி நடந்தாளாம், ஆனால் கதவை உதைக்கவில்லையாம். முந்தின வருடம் கதவே போயிருந்தது. எனக்கு அது போதும்.

குளம்பு பார்க்கிற வேலை மட்டும் என்னால் செய்ய முடியாமல் போனது, அதுதான் இந்த மாதங்களில் மிக அவசியமானதும். தொடர்ந்து ஈரத்தில் நிற்கிற குதிரைக்குக் குளம்பின் அடியில் அழுகல் வரும், கறுப்பாக, நாற்றத்தோடு. தினமும் சுரண்டிச் சுத்தம் செய்து காயவிட வேண்டும். குனிந்து, அவ்வளவு எடையுள்ள மிருகத்தின் காலைத் தூக்கி மடியில் வைத்துக்கொள்வதை வயிறு விடாது. மாமா செய்தார், நான் பக்கத்தில் நின்று நாற்றம் பிடித்துச் சொன்னேன், கர்ப்பத்தில் என் மூக்குக் கூர்மையாகிவிட்டதால் அவருக்கு முன்பே எனக்குத் தெரிந்துவிடும். கினிப்புல் கட்டுத் தூக்குவதும் அவர்தான்.

வீட்டில் இதையெல்லாம் எப்படிச் சமாளித்தேன் என்று கேட்பீர்கள். மாமியின் தகப்பனார் அந்தக் காலத்தில் ரீட் அவெனியூ ரேஸ்கோர்ஸுக்குப் போய்ச் சம்பளத்தை விட்டுவிட்டு வருகிறவராம். 1893இல் திறந்த மைதானம் அது, யுத்த காலத்தில் விமானம் இறங்கியிருக்கிறது, 1950களின் நடுவில் கொழும்பில் பந்தயமே நின்றது, இப்போது அங்கே ரகர் ஆடுகிறார்கள், பக்கத்தில் சாப்பாட்டுக் கடைகள். மாமி சின்னப் பிள்ளையாக அந்த வீட்டில் பட்டதை வைத்துத்தான் குதிரையை வெறுக்கிறார். அதோடு வாதாட முடியாது. ஒரு ஞாயிறு அவரையும் கூட்டிக்கொண்டு போனேன், காருக்குள் இருந்தே பார்ப்பேன் என்றார். பவளம் மரப்படிப் பக்கத்தில் வெறுமனே நிற்பதை நெடுநேரம் பார்த்துவிட்டு, "இதுக்குத்தானா காசு குடுக்கிறாய்?" என்று கேட்டார். அதற்குப் பிறகு எதிர்ப்புக் கொஞ்சம் குறைந்தது, ஆபத்து என்பதில் இருந்து வீண்செலவு என்பதற்கு மாறிவிட்டது.

வீட்டுக்கு வருகிற மிட்வைஃப் மிஸ்தான் எதிர்பாராத ஆதரவு. கிளினிக் கொப்பியில் நிறை, பிரஷர் எல்லாம் பதிந்துவிட்டு, கிளினிக்கில் தருகிற திரிபோஷா சத்துமா ஒழுங்காகச் சாப்பிடுகிறேனா என்று விசாரித்துவிட்டு, குதிரையைப் பற்றித்தான் கேட்பார். குதிரைக்குக் கர்ப்பம் பதினொரு மாதம், கிட்டத்தட்ட 340 நாள் என்றதும், "அப்ப நாங்கள் அதிர்ஷ்டக்காரர்" என்றார். அடிபட்டால், வயிறு இறுகினால், இரத்தம் பட்டால், பிள்ளை அசைவது குறைந்தால் வீட்டுக்கு வந்து யோசிக்காமல் நேரே ஆஸ்பத்திரி என்று சொல்லிவைத்தார். காய்ச்சல் வந்தால் முதல் நாளே, இரத்தம் பரிசோதிக்க, லாயத்துக்குப் போவதையும் டொக்டரிடம் சொல்லிவிட்டு. லாயத்துக் கதவில் ஆஸ்பத்திரி இலக்கத்தை ஒட்டிவைத்ததும் அவர் சொல்லித்தான்.

எட்டாம் மாதத்தோடு கயிற்றை வேறு ஆளிடம் கொடுத்துவிட்டேன். நெருங்கின ஒருத்தி, பல்கலைக்கழகத்தில் படிக்கிறவள், நன்றாகக் குதிரை ஓட்டுவாள், பொறுமைதான் கொஞ்சம் குறைவு. நான் வேலிக்கு வெளியே கதிரை போட்டு இருந்து சொல்வேன், அவள் செய்வாள், இப்போது அதுவும் இல்லை, தொலைபேசியில் வீடியோ அனுப்புகிறாள். இந்த ஏற்பாட்டைத் தொடக்கத்திலேயே செய்ய வேண்டும் என்பது என் கட்சி. இரண்டு பேரின் சைகை வேறு வேறாக இருந்தால் குதிரை குழம்பிவிடும், நான் நிற்கும்போதே அவளும் பழகினதால் பவளத்துக்கு ஆள் மாறினது பெரிய விஷயமாகத் தெரியவில்லை. பிரசவத்துக்குப் பிறகு நான் எப்போது ஏறுவேன் என்பது பிள்ளை எப்படிப் பிறக்கிறது என்பதைப் பொறுத்தது. ஆறு கிழமைப் பரிசோதனைக்கு முன்னால் அந்தப் பேச்சே இல்லை, வெட்டி எடுக்க வேண்டி வந்தால் இன்னும் பிந்தும், அடியிடுப்புத் தசை பழையபடி பிடிக்காமல் குதிரை மேல் குலுங்கினால் என்ன ஆகும் என்று பிள்ளை பெற்ற எவளைக் கேட்டாலும் சொல்வாள். அவசரம் இல்லை.

போன கிழமை அந்தப் பல்கலைக்கழகப் பிள்ளை முதல் முறையாக மரப்படியில் இருந்து பவளத்தின் மேல் ஏறினாள். வீடியோ வந்தது. பவளம் நின்றாள், கயிறு தளர்ந்தபடியே, இவள் காலைப் போட்டு உட்காரும் வரைக்கும் நின்றாள், உட்கார்ந்து மூச்சு விட முன்பே கிளம்பி நடந்துவிட்டாள். இவள் சந்தோஷத்தில் கழுத்தைத் தட்டிக்கொடுக்கிறாள், நடக்கிற குதிரையை! இறங்கி முதலில் இருந்து தொடங்கு, உட்கார்ந்த பிறகும் நிற்க வேண்டும், நடக்கும்போது தட்டாதே என்று குரல் பதிந்து அனுப்பினேன். "அக்கா, நீங்கள் பிள்ளைப்பேற்றுக்குப் போங்கோவன்" என்று பதில் வந்தது. ஆனால் நேற்று வந்த வீடியோவில் இறங்கித் திரும்பவும் செய்திருக்கிறாள்.